டைரக்ட் பண்ணிரலாமா?

கேஸ் அவனின் நாபை அமுக்கிப் பிடித்திருக்கிற வரைக்கும் எரியும். கையை எடுத்ததும் ‘டப்’ என்று ஒரு சத்தம், அணைந்துவிடும். முதல் நாள் பத்து வினாடி பிடித்துப் பார்த்தோம். மறுநாள் முப்பது. மூன்றாம் நாள் மாமா கைக்கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு முழுசாக இரண்டு நிமிடம் பிடித்தார். கட்டைவிரல் நுனி வெளுத்ததுதான் மிச்சம்.

இடம், நாகமலைப் புதுக்கோட்டையில் மாமா வீட்டு வேப்பமரத்தடி. மரத்தடியில் ஒரு வேன், வேனுக்குள் அந்தக் கேஸ் அவன், பன் சுடுகிற பெட்டி அடுப்பு. மாமா பஸ் டிப்போவில் 31 வருடம் மெக்கானிக்காக இருந்தவர். ஓய்வுபெற்ற பணத்தில் நகை எடுக்கலாம் என்றார் அத்தை. மாமா வேன் எடுத்தார். கோயம்புத்தூர்ப் பக்கம் ஒருவர் அமெரிக்காவிலிருந்து திரும்பி வந்தபோது, அங்கே வைத்திருந்த வீட்டு வண்டியின் சாமான்களைக் கழற்றிக் கொண்டுவந்து, இங்கே ஒரு மினி பஸ்ஸுக்குள் பொருத்தியிருந்தார். படுக்கை, மடக்கு மேஜை, கையலம்ப ஒரு சின்ன சிங்க், மூன்று பர்னர் அடுப்பு, அடுப்புக்குக் கீழே அவன். எல்லாவற்றுக்கும் இருபத்தைந்து வயதுக்குக் குறையாது. அத்தைக்கு அந்தப் பெயரே சிரிப்பு. “என்னங்க, அவன் இன்னைக்காவது எரிஞ்சானா?” என்று வாசலிலிருந்தே கேட்பார்.

நான் ஒரு மில்லில் பாய்லர் பக்கம் இன்ஸ்ட்ருமென்ட் வேலை பார்க்கிறவன். வெப்பம், அழுத்தம், வால்வு என்றுதான் பொழுது போகும். அதனால் மாமா என்னைக் கூப்பிட்டார். மூன்று நாள் பிடித்துப் பார்த்தும் நிற்காததால், நாலாம் நாள் நான் போய்ச் சேருவதற்குள் மாமா பொறுமை இழந்து, டிவிஎஸ் 50இல் ‘கேஸ் அடுப்பு ரிப்பேர், குக்கர் ரிப்பேர்’ என்று மைக் கட்டி வருகிற தம்பியையும் நிறுத்தியிருந்தார்.

தம்பி கெட்டிக்காரர். டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு படுத்த வாக்கில் உள்ளே பார்த்தார். ஐந்தே நிமிடத்தில் வெளியே வந்து தீர்ப்புச் சொன்னார். “அண்ணே, இந்த மேக்னட்டுதாண்ணே தொந்தரவு. கழட்டிப் போட்டுட்டு டைரக்ட் பண்ணிரலாம். கும்முனு எரியும். எரநூறு ரூவா குடுங்க, போதும்.”

மாமா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் சம்மதம் ஏற்கெனவே இருந்தது.

டைரக்ட். இந்த ஒரு வார்த்தையில்தான் நம் ஊர் ஓடிக்கொண்டிருக்கிறது. பிரிட்ஜில் தெர்மோஸ்டாட் போய்விட்டதா, டைரக்ட். ஃபேன் ரெகுலேட்டர் சுடுகிறதா, டைரக்ட். பியூஸ் அடிக்கடி போகிறதா, கொஞ்சம் தடித்த கம்பியாகப் போடு. தோட்டத்து மோட்டார் ஸ்டார்ட்டர் விழுந்து விழுந்து போகிறதா, ரிலேயில் ஒரு தீக்குச்சியைச் சொருகு. காரியம் நடந்துவிடும், அதைச் சொல்லத்தான் வேண்டும். மாமாவே ஒரு கதை சொல்லுவார். நடுராத்திரி, திருமங்கலம் தாண்டி வண்டி நின்றுவிட்டது, உள்ளே அறுபது பேர், கைக்குழந்தைகள் வேறு. ஒரு துண்டு வயரை வைத்து டைரக்ட் கொடுத்து ஊர் கொண்டுவந்து சேர்த்தார். அதைத் தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வண்டி மறுநாள் காலை பணிமனைக்குள் போய் ஒழுங்காகச் சரிசெய்துகொண்டுதான் வெளியே வந்தது. நம் வீடுகளில் அந்த மறுநாள் காலை வருவதே இல்லை.

அதுவும் இது கேஸ். பூட்டிய ஒரு பெட்டிக்குள் கேஸ். மதுரைக்காரர்களுக்கு இதைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. 2023 ஆகஸ்ட் 26, அதிகாலை. மதுரை ரயில் நிலையம் அருகே தனியாக நிறுத்தி வைத்திருந்த சுற்றுலாப் பெட்டிக்குள், உத்தரப் பிரதேசத்திலிருந்து வந்த யாத்ரீகர்கள். விதியை மீறி உள்ளே ஏற்றியிருந்த சிலிண்டர். தீப்பிடித்து ஒன்பது பேர் இறந்தார்கள். வெயிலில் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு வேனுக்குள் உட்கார்ந்திருந்த மாமாவிடம், “மாமா, அந்தப் பெட்டி ஞாபகம் இருக்கா?” என்று மட்டும் கேட்டேன். தம்பிக்கு டீ வாங்கிக் கொடுத்து உட்கார வைத்தார்.

அந்த மேக்னட் என்ன செய்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். அவனின் தரைக்கு அடியில், பின்பக்கம், பைலட் என்ற ஒரு சின்னச் சுடர் இருக்கிறது. கோயில் தூண்டாமணி விளக்கு மாதிரி அது எரிந்துகொண்டே இருக்கும். பெரிய பர்னர் அதிலிருந்துதான் பற்றிக்கொள்ளும். பைலட் அணைந்துபோய், அது தெரியாமல் கேஸ் மட்டும் வந்துகொண்டிருந்தால் ஆபத்து. அதற்காகச் சுடருக்குள் ஒரு கம்பி முனையை நீட்டி வைத்திருப்பார்கள். அதுதான் தெர்மோகப்பிள். இரண்டு வேறு உலோகங்களை ஒட்டவைத்து அந்த ஒட்டைச் சூடாக்கினால் கொஞ்சம் மின்சாரம் பிறக்கும். சீபெக் என்பவர் 1821இல் காந்த ஊசி அசைவதை வைத்துக் கவனித்த சங்கதி. கொஞ்சம் என்றால் ரொம்பவே கொஞ்சம், நல்ல நிலையில் 25, 30 மில்லிவோல்ட். டார்ச் பேட்டரி ஒன்றில் ஐம்பதில் ஒரு பங்கு. அந்த மின்சாரம் வால்வுக்குள் இருக்கும் சின்ன மேக்னட்டுக்குப் போகிறது.

இங்கேதான் எனக்குப் பிடித்த விஷயம். அந்த மேக்னட்டுக்கு வால்வை இழுத்துத் திறக்கிற பலம் கிடையாது. நாம் விரலால் அமுக்கித் திறந்து கொடுத்தால், அப்படியே பிடித்துக்கொள்கிற பலம் மட்டும் உண்டு. சுடர் இருக்கும்வரை பிடித்திருக்கும். சுடர் போனால் முனை ஆறும், பிடி விடும், ஸ்பிரிங் வால்வை மூடும். பேட்டரி வேண்டாம், கரண்ட் வேண்டாம், ஆள் வேண்டாம். நாங்கள் மூன்று நாளாகக் கேட்டுக்கொண்டிருந்த ‘டப்’ அந்தப் பிடி விடுகிற சத்தம்தான். அவன் கெட்டுப்போகவில்லை. ‘சுடர் இருக்கிறதா என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை, அதனால் கேஸைத் தர மாட்டேன்’ என்று சொல்லிக்கொண்டிருந்தது.

மாமாவுக்குக் கணக்குப் போட்டுக் காட்டினேன், அவர் கணக்குக்குக் கட்டுப்படுகிற ஆள். பெயர்த்தகட்டில் அவன் பர்னருக்கு 7,100 பிடியு என்று இருந்தது, ஒரு மணி நேரத்தில் தருகிற வெப்பத்துக்கு அவர்கள் போடுகிற அளவு. மணிக்கு ஏறக்குறைய 150 கிராம் கேஸ். பற்றாமல் திறந்து கிடந்தால் ஒரு ராத்திரி எட்டு மணி நேரத்தில் ஒரு கிலோவுக்கு மேல் வெளியே வந்திருக்கும். ஒரு கிலோ எல்பிஜி ஆவியானால் கிட்டத்தட்ட அரை கன மீட்டர். வேனின் உள்பக்கம் இருபது கன மீட்டர் இருக்கலாம். காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு கலந்தாலே பற்றுகிற பொருள் இது. அதுவும் காற்றைவிட ஒன்றரையிலிருந்து இரண்டு மடங்கு கனம்; மேலே போகாது, தரையோடு தரையாக, படுத்திருப்பவர் மூக்கு மட்டத்தில் தேங்கும். மாமா தாளை வாங்கி ஒருமுறை தானே பெருக்கிப் பார்த்தார். “சரி மாப்ள. ஒழுங்கா பண்ணு” என்றார்.

முதலில் பைலட். சுடர் நீலமாக, தெர்மோகப்பிள் முனையைச் சுற்றி அணைத்தபடி எரிய வேண்டும். இங்கே பயந்த பிள்ளை மாதிரி, கேஸ் வருகிற சின்னத் துளையான ஜெட்டோடு ஒட்டிக்கொண்டு, முனையைத் தொடாமல் நின்றது. ஜெட்டில் அடைப்பு. கழற்றி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் ஒரு புள்ளி வெளிச்சம் தெரிய வேண்டும், தெரியவில்லை. மாமா வீட்டுக்குள் போய் ஒரு தகர டப்பாவோடு வந்தார். பம்ப் ஸ்டவ் பின்! மண்ணெண்ணெய் ஸ்டவ் போய் இருபது வருடம் ஆகியிருக்கும், பின் மட்டும் எண்ணெய் மினுக்கோடு பத்திரமாக இருக்கிறது. அதைக் கையிலிருந்து வாங்கித் திரும்ப டப்பாவில் போட்டது மாமாவுக்கு வருத்தம்தான். ஜெட் பித்தளை, மெத்தென்ற உலோகம். குத்தினால் அடைப்பும் போகும், துளையும் பெரிதாகும். அப்புறம் அந்தச் சுடர் ஆயுளுக்கும் மஞ்சளாக, புகையாகத்தான் எரியும். ஸ்பிரிட்டில் ராத்திரி முழுக்க ஊறப்போட்டு, காலையில் சைக்கிள் பம்பால் ஊதினோம். கேஸோடு வருகிற எண்ணெய்ப் பிசுக்கு கரைந்து, ஸ்பிரிட் டீத்தண்ணி நிறத்துக்கு வந்திருந்தது. புள்ளி வெளிச்சம் தெரிந்தது.

சுடர் நன்றாக வந்தது. கையை எடுத்தோம். நின்றது. மாமா கையைத் தட்டப் போனார். அரை நிமிடம் கழித்து ‘டப்’.

அப்போது மல்டிமீட்டரை எடுத்தேன். தெர்மோகப்பிளின் நட்டைக் கழற்றி, மீட்டரை 200 மில்லிவோல்ட்டில் வைத்து, முனையைச் சுடரில் காட்டினால் ஏறுகிற எண்ணைப் பார்க்கலாம். நாலு, ஏழு, ஒன்பது, பதினொன்று. பதினொன்றோடு நின்றுவிட்டது. முனை கருகிச் சுரண்டினால் உதிர்கிற நிலையில் இருந்தது. இது சுத்தம் செய்து தீர்கிற விஷயம் இல்லை, மாற்றுகிற விஷயம்.

இந்த மாற்றுகிற வேலை ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தின்றது. டவுனுக்குள் ஓட்டல் சாமான் விற்கிற கடையில் தெர்மோகப்பிள் இருக்கிறது. வடை போடுகிற பெரிய பிரையருக்கும் பீட்சா அடுப்புக்கும் போடுவது. ஆனால் அதெல்லாம் எம்எம் மரை. இது அமெரிக்க வால்வு, இன்ச் மரை. இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், ஒன்றரைச் சுற்று ஏறவும் ஏறும், அப்புறம் கடிக்கும். கடித்த பிறகு ஸ்பேனரைப் போட்டு முறுக்கினால் வால்வின் மரை காலி. அந்த வால்வுக்கு மாற்று இந்த ஊரில் கிடையாது. கடைசியில் திலகர் திடல் ஞாயிறு சந்தையில், ஒரு விரிப்பில், பழைய பைப் ரெஞ்சுக்கும் உடைந்த வால் கிளாக்குக்கும் நடுவே, நாலைந்து அளவு நட்டுகளோடு வருகிற பொது செட் ஒன்று கிடைத்தது. விற்றவருக்கு அது என்னவென்றே தெரியாது, “ஏதோ ஒயருண்ணே” என்றார். நூற்றைம்பது ரூபாய். பேரம் பேசாமல் வாங்கியதில் அவருக்கே சந்தேகம் வந்து இன்னொரு தடவை பார்த்துவிட்டுக் கொடுத்தார்.

மாட்டும்போது ஒன்று கவனிக்க வேண்டும். நட்டை விரலால் முறுக்கி, பிறகு ஸ்பேனரால் கால் சுற்று, அவ்வளவுதான். பஸ் வீல் நட்டு முறுக்கிய கைக்கு இது ரொம்பக் கஷ்டம். “சூதானமா மாமா, பைய, பைய” என்று நான் சொல்லிக்கொண்டே இருக்க, அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு கால் சுற்று வைத்தார். பற்றவைத்து, இருபது வினாடி பிடித்து, கையை எடுத்தோம். ஒரு நிமிடம். ஐந்து நிமிடம். டீ குடித்துவிட்டு வந்து பார்த்தோம், எரிந்துகொண்டிருந்தது.

ஆனால் பெரிய பர்னர் பற்றவில்லை. நாபை 350க்குத் திருப்பினால் (அது பாரன்ஹீட், நமக்கு 177 டிகிரி) ஒரு நிமிடம் கழித்துச் சோம்பலாக ஒரு மஞ்சள் நாக்கு எட்டிப் பார்க்கும், பர்னரின் ஒரு பக்கம் மட்டும். மறுபக்கம் இருட்டு.

இதைக் கண்டுபிடித்தது நான் இல்லை, அந்தத் தம்பி. டைரக்ட் பண்ண விடாதவர்கள் என்னதான் செய்கிறார்கள் பார்ப்போம் என்று மறுபடி வந்திருந்தார். பர்னர் குழாயைக் கழற்றச் சொல்லி, ஒரு முனையில் வாயை வைத்து ஊதினார். காதில் வைத்துக் குலுக்கினார். “உள்ள எதோ கெடக்குண்ணே.” தரையில் தட்டினார். காய்ந்த செம்மண் கட்டி ஒன்று விழுந்து உடைந்தது. உள்ளே சின்னச் சின்ன அறைகள். ஓர் அறையில் காய்ந்த சிலந்திகள் மூன்று, இன்னொன்றில் ஒரு வெற்றுக்கூடு.

குளவி. மேலை நாட்டு வண்டிகளிலும் இதே தொல்லைதான். அவன், கெய்சர், பிரிட்ஜ் என்று கேஸில் ஓடுகிற எதன் பர்னர் குழாயும் சிலந்திக்கும் குளவிக்கும் அளவெடுத்துச் செய்த வீடு. விரல் பருமன், ஒரு பக்கம் திறப்பு, மழை படாது, ஆள் தொட மாட்டார். வண்டி ஆறு மாதம் சும்மா நின்றால் போதும், குடியேறிவிடும். அந்தக் குழாயில்தான் ஜெட்டிலிருந்து வருகிற கேஸ் காற்றை இழுத்துக்கொண்டு கலக்க வேண்டும். ஒரு பங்கு கேஸ் முழுதாக எரிய இருபத்தைந்து, முப்பது பங்கு காற்று வேண்டும். குழாயில் மண் இருந்தால் காற்று ஏது? அதுதான் அந்த மஞ்சள் நாக்கு.

அத்தை ஓடி வந்து, உடைத்துவிட்டீர்களா என்று கோபித்துக்கொண்டார். வீட்டில் குளவி கூடு கட்டினால் நல்ல சேதி வரும், அதைக் கலைக்கக் கூடாது என்பது அவர் பக்கத்து நம்பிக்கை. நல்ல சேதி என்றால் பிள்ளைப்பேறு. மாமாவுக்கு வயது 64. “இந்த வயசுல எனக்கு என்ன சேதிடி வரப்போகுது?” என்றார். தம்பி சிரிப்பை அடக்க வெளியே போய்விட்டார். அத்தை அந்த மண்ணை ஒரு தாளில் அள்ளிக்கொண்டு போனார், எங்கே வைத்தார் என்று நான் கேட்கவில்லை.

குழாயைப் பாட்டில் கழுவுகிற பிரஷ்ஷால் தேய்த்து மாட்டினோம். இப்போது பர்னர் முழுக்கப் பற்றியது. நுனி மட்டும் இன்னும் மஞ்சள். அதற்குக் காரணம் ஊர் மாற்றம். அமெரிக்காவில் வண்டிகளில் நிரப்புவது பெரும்பாலும் புரோபேன் என்ற வாயு. நம் சிலிண்டரில் பியூட்டேன் என்ற இன்னொரு வாயுவும் கலந்திருக்கிறது, தாராளமாகவே. பியூட்டேன் அதே அளவு ஆவிக்குக் கூடுதல் சூடு தரும், கூடுதல் காற்றும் கேட்கும். ஜெட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் காற்றுத் தகட்டின் ஸ்குரூவைத் தளர்த்தி, நூலளவு கூடத் திறந்தேன். மஞ்சள் உள்ளே போய் நீலம் வந்தது. ரொம்பத் திறந்தால் சுடர் பர்னரை விட்டு எழும்பி ஊதும், அதையும் ஒரு தரம் செய்து பார்த்துத்தான் திரும்பினேன்.

வேலை முடிந்தது என்று நினைத்தோம். மேலே அடுப்பில் இரண்டு பர்னரைப் பற்றவைத்ததும் கீழே அவன் சுருங்கியது. ஆக, அழுத்தம்.

பெயர்த்தகட்டில் 11 இன்ச் வாட்டர் காலம் என்று போட்டிருந்தது. அதாவது இந்தக் கேஸ் 28 சென்டிமீட்டர் உயரத் தண்ணீரைத் தள்ளிப் பிடிக்கிற பலத்தோடு வர வேண்டும். நம் வீட்டு ரெகுலேட்டர் தருவது 30 சென்டிமீட்டர் சுமாருக்கு, கிட்டத்தட்ட ஒன்றுதான். இதை அளக்க விலை உயர்ந்த மீட்டர் உண்டு, மில்லில் கேட்டால் கொடுப்பார்கள், ஆனால் கையெழுத்துப் போட்டு எடுத்து வர வேண்டும். மாமா வீட்டில் மாடிப்படி வேலை நடந்துகொண்டிருந்தது. கொத்தனார் தண்ணீர் ஊற்றி மட்டம் பார்க்கிற டியூப் லெவலை அரை மணி நேரத்துக்கு இரவல் வாங்கினேன்.

இதைவிட எளிமையான கருவி இருக்க முடியாது. பிளாஸ்டிக் குழாயை ஒரு பலகையில் ‘ப’வைத் தலைகீழாக்காமல் அப்படியே, அதன் இரண்டு கால் மேலே நிற்கிற மாதிரி வளைத்து ஆணி அடித்தோம். பாதிக்குத் தண்ணீர், தெரிவதற்கு ரெண்டு துளி சொட்டு நீலம். ஒரு காலின் முனையை மேலே அடுப்பின் மூன்றாவது பர்னர் ஜெட்டில் இறுகச் சொருகி, அந்த நாபை மெல்லத் திறந்தேன். ஒரு பக்கம் தண்ணீர் கீழே இறங்க, மறுபக்கம் ஏறியது. இரண்டு மட்டத்துக்கும் இடையே ஸ்கேலை வைத்தால் 32. எதுவும் எரியாதபோது கொஞ்சம் கூட நிற்பது வழக்கம்தான். மற்ற இரண்டு பர்னரையும் அவனையும் பற்றவைத்தோம். தண்ணீர் இறங்கிக்கொண்டே வந்து 18இல் நின்றது. கொத்தனார் அண்ணன் சாந்துச் சட்டியைக் கீழே வைத்துவிட்டு வந்து எட்டிப் பார்த்தார். “நம்ம டியூபுல கேஸையும் அளக்கலாமா? இது தெரியாமப் போச்சே!”

ரெகுலேட்டர் சரியாக இருக்கிறது, ஆனால் ஆள் கூடினால் சாப்பாடு பற்றவில்லை. வழியில் எங்கோ நெருக்கல். தேடினால், அடுப்புக்குப் பின்னால் வரும் ரப்பர் டியூப் ஒரு டிராயரின் முதுகில் நசுங்கிக் கிடந்தது. டிராயர் நிறைய மாமாவின் ஸ்பேனர்கள். மூட முடியாமல் அவரே முட்டியால் தள்ளி மூடுவாராம். டியூப் எந்தக் காலத்தது என்று தெரியவில்லை, வெடிப்பு விட்டிருந்தது. ஆரஞ்சு நிற சுரக்ஷா டியூப் வாங்கி மாற்றினோம், அது ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியது. தேதியை மார்க்கரால் உள்கதவில் எழுதினேன். திரும்ப அளந்தால், எல்லாம் எரியும்போது 28. மாமா ஸ்கேலை வாங்கித் தானே ஒருமுறை வைத்துப் பார்த்துக்கொண்டார்.

கழற்றி மாட்டிய ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத்தண்ணி. பாத்திரம் கழுவுகிற சோப்பை நுரைத்து பிரஷ்ஷால் தடவி, ஒரு நிமிடம் உட்கார்ந்து பார்க்க வேண்டும். ஓரிடத்தில், மீன் கண் மாதிரி ஒரே ஒரு குமிழி மெல்லப் பெருத்தது. கால் சுற்று முறுக்கியதும் நின்றது. தீக்குச்சியைக் கொளுத்திப் பக்கத்தில் காட்டிப் பார்ப்பேன் என்று பெருமையாகச் சொல்லுகிற ரிப்பேர்காரர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் இன்னும் இருப்பது அவர்கள் அம்மா செய்த புண்ணியம்.

அத்தை முதலில் சுட்டது பன். மேலே வெளுப்பு, அடியில் கரி. இந்த வண்டி அவன்களுக்கு இது பிறவிக் குணம்: பெட்டி சின்னது, பர்னர் தட்டுக்கு நேர் கீழே, சூடு அடியைத்தான் அடிக்கும். பக்கச் சுவரில் இருக்க வேண்டிய, சூட்டை உணர்கிற தெர்மோஸ்டாட் குமிழ் கிளிப்பிலிருந்து நழுவித் தரையில் கிடந்தது வேறு. அதைத் திரும்ப மாட்டினேன். சூட்டைப் பரப்ப அமெரிக்காவில் இதற்குக் கல் வாங்கி வைப்பார்கள். மாமா மானாமதுரை போனபோது, கடத்துக்கும் பானைக்கும் மண் மிதிக்கிற ஒரு வீட்டில் சொல்லி, மெருகு போடாத மண்தட்டு ஒன்று சுட்டு வாங்கி வந்தார், விரல் தடிமன். கீழ்க் கம்பித்தட்டில் அதை வைத்து, ஓரங்களில் சூடு ஏற இரண்டு விரல் இடம் விட்டு, இருபது நிமிடம் காயவிட்டு, மேல்தட்டில் பன்னை வைத்தால் அடியும் மேலும் ஒரே நிறம். முதல் தட்டு ஈரம் காயாமல் வெடித்துப்போனது, இது இரண்டாவது.

ஜனவரியில் கொடைக்கானல் போனோம். வத்தலகுண்டு வரைக்கும் பேச்சு, மலை ஏறியதும் எல்லோரும் அமைதி, மாமா கியரைத் தவிர வேறு எதையும் கேட்கவில்லை. கிளம்புமுன் பைலட்டை அணைத்து, சிலிண்டர் வால்வையும் மூடிவிட்டோம். ஓடுகிற வண்டியில் சுடர் இருக்கவே கூடாது. மேலே, 2,100 மீட்டர் உயரத்தில், சாயங்காலம் பற்றவைத்தால் நீலம் போய் மறுபடி மஞ்சள் நுனி. மாமா முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். கோளாறு இல்லை, காற்றுத்தான் அங்கே ஐந்தில் ஒரு பங்கு லேசு. ஜெட்டு கிட்டத்தட்ட அதே கேஸைத் தருகிறது, இழுக்கக் காற்று குறைவு. காற்றுத் தகட்டை இன்னும் நூலளவு திறந்தேன். அந்தக் குளிரில் 5 கிலோ சிலிண்டரின் மேல் பனித்துளி கோத்திருந்தது. பியூட்டேன் பூஜ்ஜியத்துக்குச் சற்றுக் கீழேயே கொதிநிலை உள்ள பொருள். குளிரக் குளிர ஆவியாகச் சோம்பும். அதனால் அவனும் அடுப்பும் ஒரே நேரத்தில் வேண்டாம் என்று முறை வைத்தோம்.

ராத்திரி குளிர் தாங்காமல் அத்தை, “அவனைக் கொஞ்ச நேரம் திறந்து வச்சுக்கலாமா, கதகதன்னு இருக்கும்ல” என்றார். இதில் மட்டும் நான் கொஞ்சம் குரலை உயர்த்திவிட்டேன். மூடிய அறையில் எரிகிற எதுவும் பிராணவாயுவைத் தின்று மணமில்லாத விஷவாயுவைத் தரும். குளிருக்குக் கரி மூட்டிக் கதவைச் சாத்திப் படுத்து எழாமல் போனவர்கள் அந்த மலையிலேயே உண்டு. சுடும்போதுகூட மேல் ஜன்னலைத் திறந்து வைத்துத்தான் சுட்டோம். சிலிண்டரை மூடிவிட்டு, இருக்கிற போர்வைகளை எல்லாம் பங்கு போட்டுப் படுத்தோம். காலையில் மீதி இருந்த பன்னைத் தட்டில் சூடாக்கி, வெண்ணெய் தடவி, ஏரிப்பக்கம் மூடுபனி விலகுகிறவரை சாப்பிட்டோம். மாமா நாலு தின்றார்.

இது நடந்து இரண்டு மாதம் இருக்கும். போன வாரம் மாமா போன் பண்ணினார். தோட்டத்து போர் மோட்டார் ஓடி ஐந்தே நிமிடத்தில் நின்றுவிடுகிறதாம், ஸ்டார்ட்டரில் ஏதோ சிவப்பு விளக்கு எரிகிறதாம். தண்ணீர் மட்டம் இறங்கியிருக்கும், வெறும் குழாயில் ஓடாமல் அது நிறுத்துகிறது, ஒன்றும் செய்யாதீர்கள், சாயங்காலம் வருகிறேன் என்றேன். சரி என்றார். சாயங்காலம் போய்ப் பார்த்தால் மோட்டார் ரூம் கதவு திறந்திருக்கிறது, ஸ்டார்ட்டர் மூடி கீழே கிடக்கிறது, மாமா கையில் தோல் சீவிய ஒரு துண்டு வயர்.

“சும்மா பாத்துக்கிட்டிருக்கேன் மாப்ள” என்றார்.